உறுதியற்றவர்களும் காடும்: கண்டியைச் சூழ்ந்த உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பின் அரசியல்

கண்டியைச் சூழ்ந்த காடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'அத்துமீறல்' என்ற குற்றச்சாட்டும் கூடவே எழும். அத்துமீறியவர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் காட்டுக்கு நேர்ந்த சேதத்தைவிடக் காணி உறுதிக்கே கனம் அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேர் 1840இல் இருக்கிறது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மறுதலித்து நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என அனுமானித்தது. கண்டிய மாகாணங்களில் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை நிலத்துக்கு உரிமை கோரியவர், செப்பேட்டில் பொறித்த அரச மானியமான சன்னசையோ வழக்கமான வரி செலுத்தியதற்கான சான்றையோ காட்ட வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த குடியானவனிடம் செப்பேடு எங்கே இருக்கும்? அதே காலத்தில் முடிக்குரிய காடு கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1840களின் தொடக்கம்வரை அடிவிலை ஏக்கருக்கு ஐந்து ஷில்லிங். வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தனர். சட்டத்தின் கண்ணில் இது எதுவும் அழிவாகப் படவில்லை.

1873இல் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. இலங்கையின் வனப் பாதுகாப்பு வரலாற்றில் இதைப் பெருமையுடன் குறிப்பிடுவார்கள். ஆனால் கண்டி நகரம் ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் இருக்கிறது. நகரை ஒட்டிய ஹந்தானை மலையின் உச்சிகூட ஐயாயிரம் அடியை எட்டாது. கோப்பிக்கு உகந்த மலைச்சரிவுகள் பெரும்பாலும் விலைபோன பின்னரே கோடு கிழிக்கப்பட்டது. கோப்பி, இலைத்துரு நோயால் அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. ஹேவாஹெட்டவின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே அதற்கு வழிகாட்டியிருந்தார்.

அந்தக் காடுகளை வெட்டிய கைகளில் கணிசமானவை தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுடையவை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருந்தவருக்கோ காணி கிடைக்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தது. ஏழு பேர்ச்சஸ் நிலத்துக்கான உறுதி இன்னமும் கோரிக்கையாகவே பலரிடம் இருக்கிறது.

நக்கிள்ஸ் மலைத்தொடர் இந்த வாதத்துக்குச் சற்று இடையூறு செய்கிறது. அதனாலேயே அதைக் கவனிக்க வேண்டும். அங்கே பெருமரங்களின் நிழலில் கீழ்த்தளத்தைத் துப்புரவாக்கி ஏலம் பயிரிடுவதால் இளங்கன்றுகள் தலையெடுப்பதில்லை. ஏலக்காய் உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் வேண்டும். ஆகவே அங்கு ஏலச்செய்கையை அரசு தடுத்ததற்கு அறிவியல் நியாயம் உண்டு. உலகில் வேறெங்கும் காணப்படாத ஓணான் வகைகள் வாழும் மலை அது. 2000இல் பேணற்காடாகவும், 2010இல் மத்திய மலைநாட்டின் அங்கமாக உலக மரபுரிமையாகவும் அது அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பின் நன்மை உலகத்துக்குப் போய்ச் சேர, இழந்த வருமானம் மலையடிக் கிராமங்களின் கணக்கில் ஏறியது. தடையின் நியாயமும் சுமைப் பங்கீட்டின் நியாயமும் வெவ்வேறு கேள்விகள். முன்னதற்கு விடை கிடைத்ததும் பின்னதும் தீர்ந்ததாகக் கொள்வது நம் சூழலியல் எழுத்தின் பழைய பழக்கம்.

தலதா மாளிகைக்குப் பின்னே, நூறு ஹெக்டேயர் அளவில் நிற்கும் உடவத்தகலைக் காடு நக்கிள்ஸுக்கு நேர்மாறு. அரச அரண்மனையின் மேல்தோட்டமாக இருந்து, 1856இல் ஒதுக்குக்காடாகி, 1938இல் சரணாலயமான இதற்கு ஆவணக் காவலில் குறைவில்லை. இருந்தும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மைரொக்சிலோன் மரம், காற்றில் பறக்கும் விதைகளால் காட்டுத்தரையை மூடிச் சுதேசக் கன்றுகளை நெருக்குகிறது. ஏழைகள் யாரும் அதைக் கொண்டுவரவில்லை. இதற்கு வழக்குத் தொடர யாரைப் பிடிப்பது?

ஹந்தானை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கட்டட நெருக்கடியால் அவதிப்படும் நகரத்துக்கு அது தேவையான காப்பு. ஆனால் அம்மலை தேயிலைத் தோட்டமும் மானாப்புல்லும் நட்டுவைத்த பைனஸும் எஞ்சிய காடும் கலந்த, லயங்களில் மக்கள் வாழும் நிலம். 1995ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு மக்கள் பங்கேற்பு என்பது அரசாவணங்களின் வழக்குமொழியாகிவிட்டது. அந்த மக்கள், நடைமுறையில், எல்லை வரையறுத்த கிராமத்தவர். லயத்தில் வாழ்பவர் தோட்ட நிர்வாகத்தின் கீழுள்ள தொழிலாளராகவே எண்ணப்படுகிறார். நீரோடையையும் தீப்பிடிக்கும் புல்லையும் அன்றாடம் அறிந்தவர், தன் பெயரில் ஓரங்குலமும் இல்லாததால் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை. உறுதி கொடுத்தால் காடு தானாகக் காக்கப்படும் என்று சொல்லவரவில்லை. உறுதி பெற்றவர் நிலத்தை விற்கவும் கூடும். ஆனால் உறுதியில்லாதவரிடம் காட்டைக் காக்கும் பொறுப்பை ஒப்படைக்க நடைமுறையில் வழியில்லை. அத்துமீறியவராக அவரை அகற்றுவதற்கு மட்டுமே வழி இருக்கிறது.