ராசம்மா

எமது பள்ளிக்கூட மண்டபத்தில் சிங்கள மொழிமூல வகுப்புப் பிள்ளைகள் ருக்மணி தேவியின் பாட்டுகளைப் பாடுவார்கள். தமிழ் வகுப்புக்காரராகிய நாம் பின்வரிசையில் இருந்து கை தட்டுவோம். சொற்கள் முழுக்க விளங்காது. மெட்டு மட்டும் எங்கேயோ கேட்டது போல் இருக்கும். வீட்டுக்கு வந்து முணுமுணுத்தால், "இது ஹிந்திப் பாட்டெல்லோ" என்பார் அம்மம்மா. அதோடு விஷயம் முடிந்துவிடும். பாட்டு அவர்களுடையது, மெட்டு இந்தியாவினுடையது, எமக்கு இதில் ஒன்றுமில்லை என்றே உயர்தர வகுப்பு வரை நினைத்திருந்தோம்.

டொக்டராகிப் பல வருடங்களுக்குப் பிறகு, வார்ட்டில் ஒரு வயோதிபச் சிங்கள அம்மா. தலையணைக்குப் பக்கத்தில் சின்ன றேடியோ. ஒரு நாள் காலைச் சுற்றில் அதில் ருக்மணி தேவி பாடிக்கொண்டிருந்தார். "இவவின் வீட்டுப் பெயர் தெரியுமா, டொக்டர்?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "ராசம்மா" என்றார். தமிழ் டொக்டருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்குச் சிரிப்பு. எமக்கு வெட்கம்.

டெய்சி ராசம்மா டானியல்ஸ், 1923 ஜனவரி 15 இல் றம்பொடையில் கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தவர். தாயார் ஓர் ஆசிரியை. குடும்பம் கொழும்புக்கு வந்ததும் ராசம்மா படித்தது வெள்ளவத்தை சென்ற் கிளெயார்ஸ் பாடசாலையில். கொள்ளுப்பிட்டியில் இருக்கும் நாம் காலி வீதியில் பம்பலப்பிட்டியைத் தாண்டினால் வெள்ளவத்தை, அவ்வளவு கிட்ட! சிறுவயதிலேயே மேடை ஏறினார். முப்பதுகளின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் பாடிய 'சிரி புத்தகயா விஹாரே' இசைத்தட்டாக வந்தது. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, பெயரில் ராசம்மா, பாடியது சிங்களத்தில் பௌத்த பக்திப் பாட்டு. இன்றைக்கென்றால் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்பார்களோ!

1947 ஜனவரி 21 இல் முதலாவது சிங்களப் பேசும் படம் 'கடவுணு பொரொந்துவ' கொழும்பில் திரையிடப்பட்டது. கதாநாயகிக்கு இருபத்துநான்கு வயது நிறைந்து ஆறு நாள். 'மீறப்பட்ட வாக்குறுதி' என்பது பெயரின் பொருள். புராணமோ அரச கதையோ அல்ல, குடும்பக் கதை. நீர்கொழும்பு மினேர்வா நாடகக் குழுவினருக்காக பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதி, மேடையில் பெயர் பெற்ற நாடகம் அது. அவரது தம்பி எடி ஜயமான்னதான் ருக்மணி தேவியின் கணவர். அப்போது இலங்கையில் ஸ்டூடியோ இல்லாததால் எல்லோரும் மதுரைக்குப் போனார்கள். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடித்தது சித்ரகலா மூவிடோனில். இயக்கியவர் இந்தியரான ஜோதிஷ் சிங். இசை நாராயண ஐயர்.

இசை என்றால், அந்நாளில் இசைத்தட்டுகளிலும் படங்களிலும் கேட்டுப் பழகிய ஹிந்தி, தமிழ் மெட்டுகளுக்குள் சிங்களச் சொற்களைப் பொருத்துவதுதான் வழக்கம். அம்மம்மா சொன்னதில் பிழையில்லை. இந்த இரவலை வெறுத்தவர்கள் சிங்களவரிடையே இருந்தார்கள். 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வந்தபோது சுனில் சாந்த சொந்த மெட்டுகளைப் போட்டார், பாட்டுகளை மார்சலின் ஜயக்கொடி அடிகள் எழுதினார். அவர்கள் செய்தது சரிதான். ஆனாலும் இரவல் மெட்டென்று முதல் பத்து வருடங்களையே ஒதுக்குவது எமக்குச் சம்மதமில்லை. வார்ட்டில் அந்த அம்மா மெட்டைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது குரலை.

1978 ஒக்டோபர் 28 அன்று, மாத்தறையில் இசை நிகழ்ச்சி முடிந்து நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எல துடெல்லவில் நடந்த வாகன விபத்தில் அவர் காலமானார். வயது 55. எமது வகுப்பில் பலர் பிறந்தது அந்த வருடந்தான். நாம் பாலர் வகுப்பில் இருந்த 1983 ஜூலையில், கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ படச் சுருள்களோடு எரிந்தது. எமது வகுப்பிலிருந்து எத்தனை பேர் அதன் பிறகு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் போனார்கள் என்பது இம்மலரின் முகவரிப் பக்கங்களைப் பார்த்தால் தெரியும்.

அங்கேயுள்ள அக்காமார், தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். அம்மா, அம்மம்மாவின் பெட்டிகளில் பழைய இசைத்தட்டோ பாட்டுப் புத்தகமோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். சங்கத்துக்கு எழுதுங்கள். ருக்மணி தேவியின் தட்டென்றால், அனுப்பும்போது உறையில் ராசம்மா என்றும் எழுதிவிடுங்கள்.