யுரேமிய மூளைக்கோளாறு (மருத்துவக் குறியீடு)

யுரேமிய மூளைக்கோளாறு என்பது சிறுநீரகங்கள் செயலிழந்து, அவை வெளியேற்ற வேண்டிய கழிவுகள் குருதியில் தேங்குவதால் மூளையின் இயக்கம் முழுமையாகக் குன்றும் நிலையாகும். ஐக்கிய அமெரிக்க மருத்துவமனைகளில் இந்நோய் எவ்வாறு ஆவணப்படுத்தப்படுகிறது, ஐசிடி-10-சிஎம் எனும் நோய் வகைப்பாட்டின்படி எவ்வாறு குறியீடு பெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அந்நாட்டுப் பதிவேடுகளுக்குக் குறியீடு இடும் பணியில் ஒரு பகுதி சென்னை முதலிய நகரங்களில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் இது மெடிக்கல் கோடிங் என்ற பெயரிலேயே அறியப்படுகிறது.

நோயின் இயல்பு

தொடக்கத்தில் சோர்வு, கவனக்குறைவு, இரவுபகல் தூக்கம் மாறுதல் ஆகியவை தோன்றும். பின்னர்க் குழப்பம், தசைத் துடிப்பு, வலிப்பு என முற்றி, மருத்துவம் செய்யாவிடில் ஆழ்மயக்கத்தில் முடியலாம். கைகளை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் கைகள் சிறகடிப்பது போல் படபடப்பது ஓர் அடையாளம். எனினும் இது கல்லீரல் செயலிழப்பிலும் காணப்படும். மூளை மின்னலை வரைவில் அலைகள் மெதுவாகின்றன.

குருதியிலுள்ள யூரியாவின் அளவும் நோயின் கடுமையும் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்துவதில்லை. நாட்பட்ட நோயாளி ஒருவர் மிகையான அளவுடன் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தவர் அதைவிடக் குறைந்த அளவிலேயே நினைவு தடுமாறலாம். யூரியா மட்டுமன்றி, குவானிடின் சேர்மங்கள், மிகுந்து சுரக்கும் இணைதைராய்டு இயக்குநீர் எனப் பல பொருட்கள் இதில் பங்கேற்பதாகக் கருதப்படுகிறது. டயாலிசிஸ் தொடங்கியபின் பெரும்பாலோர் தேறுகின்றனர். ஆனால் தெளிவு திரும்பச் சில நாட்கள் ஆகலாம்.

குறியீடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் ஐசிடி-10-சிஎம் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கல்லீரல்சார் மூளைக்கோளாறுக்கு 2022 அக்டோபரில் கே76.82 என்ற தனிக் குறியீடு கிடைத்தது. சிறுநீரகம்சார் மூளைக்கோளாறுக்கு அத்தகைய தனி இடம் இல்லை. அது பொதுவாக ஜி93.41, அதாவது வளர்சிதைமாற்ற மூளைக்கோளாறு என்ற தலைப்பின்கீழ் வைக்கப்படுகிறது. ஆகவே மூளைக்கு ஒரு குறியீடு, சிறுநீரகத்துக்கு வேறு குறியீடு எனக் குறைந்தது இரண்டு தேவை.

எடுத்துக்காட்டாக, உயர் குருதியழுத்தமும் இறுதிநிலைச் சிறுநீரக நோயும் கொண்டு, டயாலிசிஸ் பெற்றுவரும் ஒருவருக்கு இக்கோளாறு ஏற்பட்டால் ஜி93.41, ஐ12.0, என்18.6, இசட்99.2 ஆகியவை சேர்ந்து வரும். குருதியழுத்தத்துக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை விதிமுறையே முன்கூட்டி ஏற்கிறது; தொடர்பில்லை என்று மருத்துவர் எழுதினால் மட்டுமே அது விலக்கப்படும். திடீர்ச் செயலிழப்பு எனில் என்17 வகை பொருந்தும். வெறுமனே "யுரேமியா" என்று எழுதினால் என்19 என்ற பொத்தாம்பொதுவான இடமே கிடைக்கும். அதிலிருந்து நோயின் நிலையையோ மூளை பாதிக்கப்பட்டதையோ எவரும் அறிய முடியாது.

ஆவணப்படுத்தல்

குறியீட்டாளர் நோயை முடிவு செய்பவர் அல்லர். கிரியாட்டினின் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், நோயாளி பிள்ளைகளின் பெயரை மறந்தார் என்று செவிலியர் எழுதியிருந்தாலும், மருத்துவர் நோயின் பெயரை எழுதாதவரை குறியீடு இட இயலாது. இக்கண்டிப்பு புதியவர்களுக்குப் பொருளற்றதாகத் தோன்றலாம். ஆயினும் எண்களைக் கொண்டு குறியீட்டாளரே நோயை ஊகிக்கத் தொடங்கினால் பதிவேட்டை நம்புவதற்கு அடிப்படை இராது.

"மனநிலை மாறியுள்ளது" என்ற சொற்றொடரே பதிவேடுகளில் மிகுதியாகக் காணப்படும் குறை. அது ஆர்41.82 என்ற அறிகுறிக் குறியீட்டையே தரும். உடல்நோயால் ஏற்பட்ட "டெலிரியம்" என்று எழுதினால் எஃப்05 கிடைக்கும். டெலிரியம் என்பது வெளியே தெரியும் குழப்பநிலை. மூளைக்கோளாறு என்பது அதற்குப் பின்னுள்ள உடலியல் மாற்றம். இரண்டும் ஒன்றல்ல. காரணம் கூறாமல் "மூளைக்கோளாறு" என்று மட்டும் எழுதினால் ஜி93.40 ஆகும்.

இவ்வேறுபாடு பணத்தையும் தொடுகிறது. 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த எம்எஸ்-டிஆர்ஜி கட்டண முறையில் ஜி93.41 பெருஞ்சிக்கல் எனும் மேல்நிலையில் உள்ளது. எஃப்05 அதற்குக் கீழ்நிலையிலும் ஆர்41.82 கணக்கில் சேராமலும் உள்ளன. இதனாலேயே காப்பீட்டு நிறுவனங்கள் இந்நோயை ஐயத்துடன் ஆராய்ந்து, சான்று போதாதெனக் கட்டணத்தை மறுப்பதுண்டு. நோயாளியின் இயல்பான மனநிலை எது, அதிலிருந்து எவ்வாறு மாறினார், டயாலிசிஸுக்குப் பின் எப்போது தேறினார் என்ற மூன்றும் எழுதப்பட்டிருந்தால் மறுப்பது கடினம். முதலாவதே பெரும்பாலும் விடுபடுகிறது.

பதிவு தெளிவற்றிருப்பின் குறியீட்டாளர் மருத்துவரிடம் எழுத்து வடிவில் வினவல் அனுப்பலாம். அதில் பதிவேட்டிலுள்ள அறிகுறிகளைச் சுட்டி, பொருந்தக்கூடிய விடைகளையும் "வேறு", "தீர்மானிக்க இயலவில்லை" என்பவற்றையும் தரலாம். விரும்பிய விடையை நோக்கி மருத்துவரை நடத்திச் செல்லுதலும், கட்டண விளைவைக் குறிப்பிடுதலும் கூடா. "இருக்கக்கூடும்" என்று விடுவிப்பின்போது எழுதப்பட்ட நோயை, உள்நோயாளி எனில் உறுதியானதாகவே கொண்டு குறியீடு இடலாம். வெளிநோயாளி எனில் இடலாகாது.

ஒத்த தோற்றம், வேறு காரணம்

சிறுநீரக நோயாளியின் எல்லாக் குழப்பமும் யுரேமியாவால் வருவதில்லை. செஃபெபிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சிறுநீரகம் வழியே வெளியேறுவது. அளவைக் குறைக்காமல் கொடுத்தால் அது உடலில் தேங்கிக் குழப்பத்தையும், உடல் உதறாமலேயே நிகழும் தொடர் வலிப்பையும் உண்டாக்கலாம். இதுபற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012 சூனில் எச்சரித்தது. இங்குப் பொருந்துவது நச்சு மூளைக்கோளாறாகிய ஜி92.8, அத்துடன் சரியான மருந்தின் பக்கவிளைவைக் குறிக்கும் டி36.1எக்ஸ்5. சேர்க்கையின்போதே இருந்ததா, மருத்துவமனையில் தோன்றியதா என்பதும் குறிக்கப்படும். இதை யுரேமியா என்று பதிந்தால், அடுத்த முறை அதே மருந்து அதே அளவில் கொடுக்கப்படுவதைத் தடுக்க ஏட்டில் எதுவும் இராது.

1970களில் நெடுநாள் டயாலிசிஸ் பெற்ற சிலருக்குப் பேச்சுக் குழறலும் மறதியும் தோன்றி முற்றி, பலர் இறந்தனர். டயாலிசிஸ் அவர்களைத் தேற்றவில்லை. ஆலன் ஆல்ஃப்ரேயும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் இதை அலுமினிய நச்சுடன் தொடர்புபடுத்தினர். அவ்வுலோகம் டயாலிசிஸுக்குப் பயன்பட்ட நீரிலிருந்தும், பாசுபேட்டைக் கட்டுப்படுத்தக் கொடுத்த மருந்துகளிலிருந்தும் உடலில் சேர்ந்தது. நீரைத் தூய்மையாக்கும் முறைகள் மேம்பட்டு, அம்மருந்துகளின் பயன்பாடும் குறைந்தபின் இந்நோய் அரிதாயிற்று.