களிமண்ணில் பதிந்த வெள்ளி

மாலையில் மேற்கு வானில் எல்லா மீன்களையும் மிஞ்சி ஒளிர்வது வெள்ளி என்று சொல்லக் கூர்மையான கண் வேண்டியதில்லை. விடியலுக்கு முன் கிழக்கே எழுவதும் அதே கோள்தான் என்று சொல்லக் கண் மட்டும் போதாது. மாலையில் மறைகிற வெள்ளி சில நாள்களில் விடியலில் எழுந்துவிடும். விடியலில் மறைந்தாலோ மாலையில் திரும்ப ஏறக்குறைய இரண்டு மாதமாகும். மறைந்த நாளும் தோன்றிய நாளும் கணக்கில் இருந்தால்தான் இந்த ஒழுங்கு பிடிபடும். கோள்களைப் பற்றிய அறிவு வளர்ந்ததற்குப் பார்வையைவிடப் பதிவே பெரிய காரணம். இதற்குப் பாபிலோனைவிடத் தெளிவான சான்று இல்லை.

பாபிலோனை ஆண்ட அம்மூராபியின் வழிவந்த அம்மிசதூகா அரசன் காலத்தில், பெரும்பாலோர் ஏற்கும் கணக்கின்படி கி.மு. 17ஆம் நூற்றாண்டில், 21 ஆண்டுகளுக்கு வெள்ளி தோன்றிய நாள்களும் மறைந்த நாள்களும் குறிக்கப்பட்டன. அந்தப் பட்டியல் 'எனுமா அனு என்லில்' என்னும் நிமித்த நூலின் 63ஆம் களிமண் பலகையாக நிலைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய அரசன் அசூர்பானிபாலின் நினிவே நூலகத்துக்காக எடுத்த படிகள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பலகையில் ஓரிடத்தில் வரும் 'பொன் அரியணை ஆண்டு' அம்மிசதூகாவின் 8ஆம் ஆட்சியாண்டின் பெயர் என்று 1912இல் குக்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். அதன் பிறகே பலகை எந்தக் காலத்துக்கு உரியது என்பது தெளிவாயிற்று.

இது சோதிடம்தானே, இதை அறிவியல் வரலாற்றில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே மழை, விளைச்சல், போர் பற்றிய பலன் எழுதியிருப்பது உண்மை. ஆனால் பலன் சொல்ல வேண்டுமென்றால் நிகழ்ந்த நாள் தெரிந்தாக வேண்டும். அரசுக்கு வரும் நன்மை தீமையை வானம் முன்கூட்டிச் சொல்லும் என்ற நம்பிக்கைதான் தலைமுறை தலைமுறையாக ஆள் வைத்து வானத்தைக் கவனிக்கச் செய்தது. பலன் பொய்த்தாலும் நாள் பொய்யாவதில்லை.

படிகள் ஆயிரம் ஆண்டு பிந்தியவை, பிழை மலிந்தவை என்பது இதைவிட வலுவான மறுப்பு. பல எண்கள் வானில் நிகழவே முடியாதவை. ஆனால் அவை பிழை என்று நாம் சொல்ல முடிவதே வெள்ளியின் ஒழுங்கால்தான். ஒரே நிலைக்குத் திரும்ப அதற்குச் சுமார் 584 நாளாகும்; அப்படி ஐந்து சுற்று முடிந்தால் 2,920 நாள், அதாவது எட்டு ஆண்டு. பலகையின் நல்ல பதிவுகள் இந்தச் சுழற்சியோடு ஒத்துப்போகின்றன. இன்னொரு பகுதி கவனித்த நாள்களைத் தராமல் ஒரு வாய்பாட்டைத் தருகிறது: எட்டு மாதம் ஐந்து நாள் தெரியும், பின் ஒருமுறை மூன்று மாதமும் மறுமுறை ஏழு நாளும் மறைந்திருக்கும். மூன்று மாதம் என்பது மிகை. ஆனாலும் தனித்தனி நிகழ்வுகளைப் பொதுவிதியாக்கும் முயற்சி அங்கே தொடங்கிவிட்டது.

எழுத்துப் பதிவு இல்லாமலே உழவரும் கடலோடிகளும் கோள்களை அறிந்திருந்தார்களே என்றும் கேட்கலாம். அறிந்திருந்தார்கள். வெள்ளி தென்திசை சாய்வதை வறட்சியின் அறிகுறியாகப் பட்டினப்பாலையும் புறநானூறும் சொல்வது, தமிழர் அதன் இடமாற்றத்தைக் கவனித்ததற்குச் சான்று. ஆனால் ஒரு கோளை இனங்காண்பது வேறு, அது அடுத்து எப்போது எங்கே வரும் என்று சொல்வது வேறு. இரண்டாவதற்கு எண்கள் வேண்டும்.

அந்த எண்களைப் பாபிலோனியர் விடாமல் சேர்த்தார்கள். கிடைத்துள்ள வானியல் நாட்குறிப்புகளில் மூத்தது கி.மு. 652ஆம் ஆண்டுக்கு உரியது. அந்த வரிசை கி.மு. முதல் நூற்றாண்டு வரை நீள்கிறது. வரும் ஆண்டில் வெள்ளியின் நிலையறிய எட்டு ஆண்டு முந்தைய குறிப்பைப் பார்த்தார்கள். வியாழனுக்கு 71 அல்லது 83 ஆண்டு, சனிக்கு 59 ஆண்டு. சனியைக் கணித்தவர் எடுத்துப் பார்த்த குறிப்பு, பெரும்பாலும் அவர் பிறப்பதற்கு முன்பே வேறொருவர் எழுதியது. தன் வாழ்நாளில் பயன் தராது என்று தெரிந்தும் நாளைத் தவறாமல் எழுதி வைத்த அந்தப் பெயர் தெரியாத எழுத்தர்களையே வானியலின் முதல் ஆசான்கள் என்று சொல்ல வேண்டும்.