கமரா விட்டுப் பார்த்தால் போதுமா?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எண்டு எங்கட கரையில எந்த ஊருக்குப் போனாலும், மலத்தோடு இரத்தம் போனால் அதற்கு ஒரே பேர்தான்: மூலம். வீட்டில்கூடச் சொல்ல வெட்கப்படுகிற வருத்தம் அது. முதலில் கைமருந்து. அது சரிவராவிட்டால்தான் ஆஸ்பத்திரி. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும், உண்மைதான். ஆனால் சிலருக்கு அது பெருங்குடல் புற்றுநோய். இலங்கையில் அதிகம் பதிவாகும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

இந்தப் புற்று ஒரே நாளில் வருவதில்லை. குடலின் உட்சுவரில் பாலுண்ணி மாதிரி ஒரு சதை முளைக்கிறது. அதைப் பொலிப் என்பார்கள். அதில் அடினோமா என்ற வகையில் சிலது மட்டும், பத்து வருஷம் போல எடுத்துப் புற்றாக மாறுகிறது. லண்டன் சென்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் லொக்ஹார்ட்-மம்மரியும் டியூக்ஸும் 1920களிலேயே இந்தத் தொடர்பை எழுதிவிட்டார்கள். தெரிந்து என்ன செய்ய, முழுக்குடலுக்குள்ளும் போய்ப் பார்க்க வழியில்லையே. 1969இல் நியூயோர்க் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியில் வில்லியம் வூல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும், வளையும் குழாய்க்குள்ளால் கம்பிச் சுருக்கு ஒன்றை விட்டு, வயிற்றை வெட்டாமலே பொலிப்பை எடுத்தார்கள். 1993இல் அமெரிக்கத் தேசியப் பொலிப் ஆய்வு வந்தது. அடினோமாவை அகற்றியவர்களுக்குப் பெருங்குடல் புற்று, எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 வீதம் குறைவு.

இனிக் கமரா விட்டால் போதும் எண்டுதான் நிறையப் பேர் நினைச்சாங்க. கதை சுவாரசியமாவது இங்கேதான். அதுவரை எல்லாரும் நோயாளிகளை எண்ணினார்கள். பிறகு டொக்டர்மாரை எண்ணத் தொடங்கினார்கள்.

நூறு பேருக்குக் கொலோனோஸ்கோபி செய்தால், அதில் எத்தனை பேரிடம் ஒரு அடினோமாவாவது கண்டுபிடிக்கிறார்? வருத்தம் ஏதும் இல்லாமல் பரிசோதனைக்கு வந்தவர்களை வைத்து ஒவ்வொரு டொக்டருக்கும் இந்தக் கணக்கு. 2006இல் அமெரிக்காவின் ரொக்ஃபோர்ட் நகரில், ஒரே குழுவில் வேலை செய்த 12 டொக்டர்மாரை ஒப்பிட்டார்கள். குழாயை உள்ளே விடும்போது பெரிதாகத் தேடுவதில்லை. வெளியே இழுத்து வரும்போதுதான் தேடல். அந்த இழுப்புக்குச் சராசரியாக 6 நிமிஷமோ கூடவோ எடுத்தவர்கள் 28.3 வீதம் பேரிடம் கட்டிகளைக் கண்டார்கள். அவசரப்பட்டவர்கள் 11.8 வீதம் பேரிடம்தான். ஊரும் ஒன்று, மெஷினும் ஒரே மாதிரி. வித்தியாசம் கையிலயும் கண்ணிலயும்.

தவறவிட்டதுக்கு ஒரு விலை இருக்கத்தானே வேணும்? 2010இல் போலந்து அதைக் காட்டியது. 45,026 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 20 வீதத்துக்குக் குறைவாகக் கண்டுபிடித்த டொக்டர்மாரிடம் போனவர்களுக்கு, அடுத்த பரிசோதனைக்கு முன்பே புற்று வரும் ஆபத்து, மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கு மேல். "ஒண்டுமில்ல, போங்க" எண்ட வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போன ஆக்கள் அவர்கள். 2014இல் கலிபோர்னியாவில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகளைப் பார்த்தபோது, கண்டுபிடிப்பு ஒரு வீதம் கூடினால் பிற்காலப் புற்று மூன்று வீதம் குறைவது தெரிந்தது. அமெரிக்காவில் இலக்கு 2015இல் 25 வீதமானது, 2024இல் 35. எங்களுக்கு ஒரு சந்தேகமும் உண்டு: ஒன்றைக் கண்டாலே கணக்கில் சேரும் என்றால், ஒன்றோடு தேடலை நிறுத்துகிறவரும் இருப்பார்தானே?

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2019இல் சீனாவில் செய்த ஆய்வில் அது கண்டுபிடிப்பை 20இலிருந்து 29 வீதத்துக்கு உயர்த்தியது. ஆனால் 2025இல் போலந்திலிருந்து வந்த செய்தி வேறு. அந்த உதவிக்குப் பழகிய டொக்டர்மார் அது இல்லாமல் பார்த்தபோது, முன்பு 28.4 ஆக இருந்தது 22.4 வீதமாக விழுந்தது.

இதெல்லாம் எங்கட கரைக்கு என்ன? இலங்கையில் நல்லா இருக்கிறவரைத் தேடிக் கூப்பிட்டுக் கொலோனோஸ்கோபி செய்யும் தேசியத் திட்டம் கிடையாது. இரத்தம் கண்டு, மெலிஞ்சு, சோர்ந்த பிறகுதான் கமரா. அந்த நோயாளிகளை வைத்து 25, 35 எண்டு இலக்குப் பேச முடியாது. அந்தக் கணக்கு வேறு ஆக்களுக்கானது. அதுக்காக, வருமுன் பார்ப்பது எங்களுக்குப் புதுசு எண்டும் சொல்ல முடியாது. 35 வயதில் உம்மாமார் கருப்பைக் கழுத்துச் சோதனைக்கு கிளினிக் போவது இங்கே 1990களிலிருந்து நடக்கிறது. குடலுக்கும் மலம் சோதிக்கும் மலிவான முறை ஒன்று உண்டு. வருஷா வருஷம் அதைச் செய்தவர்களிடம் இந்தப் புற்றால் வரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வு 1993இலேயே சொன்னது. இரத்தத்தைத் தானாகக் காணும்வரை காத்திருக்கும் ஊருக்குக் கமராவைவிட இதுதான் முதலில் வேணும் எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இந்தப் புற்று வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பே, எது முந்துகிறதோ அப்போது பார்க்கச் சொல்கிறார்கள். நோன்பு பிடிச்சுப் பழகின எங்களுக்கு முதல்நாள் பட்டினி பெரிய விஷயமில்லை, பேதி மருந்துதான் பாடுபடுத்தும். அதையும் ஒழுங்காக் குடிக்கணும், குடல் சுத்தமில்லாவிட்டால் பொலிப் கண்ணில் படாது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இரண்டைக் கேளுங்கள்: குடல் சுத்தமாக இருந்ததா? குழாய் பெருங்குடல் தொடங்கும் இடம் வரை போனதா?