இரு படங்கள் ஒன்றான வரலாறு

சி.டி. ஸ்கேன் உடலின் அமைப்பைக் காட்டும். பெட் ஸ்கேன் செல்கள் சர்க்கரையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதைக் காட்டும். ஆய்வாளர்களான டேவிட் டவுன்சென்டும் ரான் நட்டும் இரண்டையும் ஒரே கருவியில் இணைத்தார்கள். அதன் முன்மாதிரி 1998இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. புற்றுநோய்க் கட்டி எங்கே இருக்கிறது, அது இன்னும் இயங்குகிறதா என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே பரிசோதனையில் விடை கிடைத்தது. ஆனால், இந்த வளர்ச்சிக்கு உண்மையான உரைகல் புற்றுநோயுற்ற குழந்தைகளே.

இந்த இரு ஸ்கேன்களிலும் கதிர்வீச்சு உண்டு; அது வளரும் உடலைக் கூடுதலாகப் பாதிக்கும். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் வந்த குழந்தைக்கோ பலமுறை படமெடுக்க நேரும். உயிரே ஊசலாடும்போது சிறு கதிர்வீச்சுக்கு அஞ்சலாமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் குணமாகும் குழந்தைக்கு முன்னால் நெடிய வாழ்வு காத்திருக்கிறது. 2010இல் வந்த முழு உடல் பெட்-எம்.ஆர்.ஐ. கருவி, சி.டி.யின் கதிர்வீச்சைத் தவிர்க்க வழி திறந்தது. அதன் விலை அதிகம், நேரமும் அதிகம் என்பது மெய்தான். நோயைக் கண்டறிவதோடு நாளைய வாழ்வையும் காப்பதே குழந்தை மருத்துவத்தின் கடமை.