மறுப்பு வாங்கித் தந்த நாட்கள்: உக்ரைனில் கலப்புப் போரின் வளர்ச்சி

2014 பிப்ரவரி 27 விடியற்காலையில், அடையாளச் சின்னம் ஏதுமற்ற சீருடையில் வந்த ஆயுததாரிகள் சிம்ஃபெரோபோலில் உள்ள கிரிமிய நாடாளுமன்றத்தைக் கைப்பற்றினர். அன்றே, துப்பாக்கிகளின் காவலில் கூடிய அவை செர்கேய் அக்சியோனோவைப் பிரதமராக்கியது. வந்தவர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர் என்றும், அத்தகைய சீருடை கடைகளிலேயே கிடைக்கும் என்றும் மார்ச் 4-இல் ரஷ்ய அதிபர் புதின் கூறினார். அந்தத் தற்காப்புப் படையினருக்குப் பின்னால் ரஷ்யப் படைவீரர்கள் நின்றதை ஏப்ரல் 17-இல் அவரே ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றம் கைப்பற்றப்பட்டதற்கும் இந்த ஒப்புதலுக்கும் இடைப்பட்டவை 49 நாட்கள். அதற்குள் மார்ச் 16-இல் பொதுவாக்கெடுப்பும் 18-இல் இணைப்பு ஒப்பந்தமும் நடந்தேறிவிட்டன.

கலப்புப் போரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கருவிகளையே எண்ணுகின்றன: இணையத் தாக்குதல், பொய்ப் பரப்புரை, எரிவாயு, கூலிப்படை. அந்தக் கருவிகளால் ஓர் அரசு வாங்குவது காலம் என்பதே இக்கட்டுரையின் வாதம். தாக்கியவர் யார் என்று உறுதியாகாதவரை, எதிர்த்தரப்பின் படையும் அதன் நட்பு நாடுகளும் முடிவெடுக்கத் தயங்குகின்றன.

இக்கருத்தாக்கம் பிறந்தபோது அதில் அரசதந்திரத்துக்குப் பெரிய இடம் இல்லை. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் ஹாஃப்மன் அதை விரிவாக எழுதியபோது, அவர் கண்முன் இருந்தது 2006 லெபனான் போரில் இஸ்ரேலை எதிர்கொண்ட ஹிஸ்புல்லா. ரஷ்யத் தலைமைத் தளபதி கெராசிமோவ் 2013-இல் எழுதிய கட்டுரையை இப்போர்முறையின் செயல்திட்டமாகப் பலர் இன்றும் காட்டுகின்றனர். அது பிழையான வாசிப்பு. அரபு நாடுகளின் எழுச்சிகளை மேற்குலகின் போர்முறையாகக் கண்டு அவர் எழுதியது அது. ‘கெராசிமோவ் கோட்பாடு’ என்ற பெயரைப் புழக்கத்தில் விட்ட மார்க் கலியோட்டியே 2018-இல் அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

நடைமுறையோ கோட்பாட்டுக்கு முன்னால் சென்றுகொண்டிருந்தது. 2007 ஏப்ரலில் எஸ்தோனியா, தாலினின் மையத்தில் இருந்த சோவியத் வீரர் சிலையை இடம் மாற்றியதும் அந்நாட்டு வங்கிகள், நாளிதழ்கள், அரசுத் தளங்கள் மீது வாரக்கணக்கில் இணையத் தாக்குதல் நடந்தது. அடுத்த ஆண்டு ஜார்ஜியாவில் கடவுச்சீட்டே ஆயுதமாயிற்று. தெற்கு ஒசேத்தியா மக்களுக்கு முன்னரே ரஷ்யக் குடியுரிமை வழங்கப்பட்டிருந்ததால், ஜார்ஜியப் படை ட்ஸ்கின்வாலியைத் தாக்கியவுடன் ‘எம் குடிமக்களைக் காக்கிறோம்’ என்று மாஸ்கோவால் சொல்ல முடிந்தது. கிரிமியாவில் கீவ் அரசு தயங்கி நின்றதன் காரணங்களுள் இந்த நினைவும் ஒன்று. முதலில் சுட்டவர் என்ற பழி தன்மேல் விழுமோ என அது அஞ்சியது.

இந்த உத்தி ராஜதந்திரமாகவே உருமாறிய இடம் மின்ஸ்க். கிழக்கு உக்ரைனின் தோன்பாஸ் பகுதியில் பிரிவினைப் படைகளோடு மூண்ட போரை நிறுத்த 2015 பிப்ரவரி 12-இல் அங்கே கையெழுத்தான ஆவணத்தின் பத்தாவது கூறு, வெளிநாட்டு ஆயுதப் படைகள் வெளியேற வேண்டும் என்றது. அப்படிப்பட்ட படை தனக்கு அங்கே இல்லை என்ற ரஷ்யா, தன்னை நடுவராகவே காட்டிக்கொண்டது. கையெழுத்திட்டவர்களில் அதன் தூதரும் இருந்தார்; ஆனால் நிறைவேற்றும் கடமை உக்ரைனுக்கும் பிரிவினைத் தலைவர்களுக்கும் மட்டுமே என்றது. 15-இல் போர்நிறுத்தம் தொடங்கியது. 17-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை உடன்பாட்டை ஏற்றது. 18-இல் டெபால்ட்சேவே நகரம் பிரிவினைப் படைகளிடம் வீழ்ந்தது. பேச்சுவார்த்தை மேசை இங்கே போர்க்களத்தின் நீட்சியாகவே இயங்கியது. பேச்சில் பங்கேற்ற பாரிசும் பெர்லினும் அதை அறிந்தும் ஏழாண்டுகள் அந்த ஆவணத்தையே பற்றிக்கொண்டிருந்தன என்பது என்னை வருத்துகிறது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் தோன்பாஸ் மக்கள். கிரிமியாவிலோ, பொதுவாக்கெடுப்பைப் புறக்கணித்த தாத்தார்களின் பேரவையான மெஜ்லிஸ் 2016-இல் தடைசெய்யப்பட்டது.

மறைவில் நின்று தாக்கும் வேலையும் ஓயவில்லை. 2015 டிசம்பர் 23-இல் மேற்கு உக்ரைனில் மின்வலையமைப்பு ஊடுருவப்பட்டு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. 2017 ஜூனில் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியே பரவிய நாட்பெட்யா என்ற தீநிரல், மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் வரை முடக்கியது. அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட எட்டு மாதங்கள் ஆயின.

2022-இல் இக்கணக்கு மாறியது. படையெடுப்புக்கு முன்பே வாஷிங்டனும் லண்டனும் உளவுத் தகவல்களை வெளியிட்டு, மறுக்கும் வாய்ப்பைச் சுருக்கின. போரை அது தடுக்கவில்லை. ஆனால் பிப்ரவரி 24-க்குப் பின் பெரும் பொருளாதாரத் தடைகள் சில நாட்களிலேயே வந்தன. கிரிமிய இணைப்பு செல்லாது என்ற 2014 மார்ச் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் 100 நாடுகள் ஆதரித்திருந்தன. 2022 மார்ச் 2-இல் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை ஆதரித்தவை 141.