ஃபேரர் பார்க்கிலிருந்து புக்கிட் பாத்தோக் வரை: சிங்கப்பூர்த் தேர்தல்களில் இந்திய வேட்பாளர்கள்

சிங்கப்பூரின் முதல் தேர்தல் 1948 மார்ச் 20ஆம் தேதி நடந்தது. சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கக் கிடைத்தவை 6 இடங்கள். வாக்காளராகப் பதிந்துகொண்டவர்கள் சுமார் 22,000 பேர். பிரிட்டிஷ் குடிகளுக்கே வாக்குரிமை என்பதால் சீனாவில் பிறந்த பெருந்திரள் வெளியே நின்றது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கோ தடையில்லை. மக்கள்தொகையில் சிறுபான்மையான இந்தியர்கள் வேட்பாளர் பட்டியலில் அதிகம் தென்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். 1951இல் செலேத்தார் தொகுதியில் விலாசினி மேனன் சுயேச்சையாக வென்றார்.

அந்தச் சாதகம் நீடிக்கவில்லை. ரெண்டல் அரசமைப்பு எனும் புதிய அரசமைப்பின்படி 1955இல் தேர்தல் நடந்தபோது இடங்கள் 25 ஆகின. வாக்காளர்களை அரசே பதிவு செய்ததால் எண்ணிக்கை 3 லட்சத்தை எட்டியது. தொழிலாளர் முன்னணி 10 இடங்களைப் பிடிக்க, டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். சில மாதங்களுக்கு முன்புதான் பிறந்திருந்த மக்கள் செயல் கட்சிக்கு 3 இடங்கள். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க்கில் அக்கட்சி நிறுத்திய தேவன் நாயர் தோற்றுப்போனார்.

1957இன் குடியுரிமைச் சட்டம் களத்தையே மாற்றியது. வெளிநாட்டில் பிறந்து இங்கே எட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழி பிறந்தது. 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி, தமிழர்கள் குடியுரிமை பெற வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். தேர்தல் வரலாற்றில் அவருக்குரிய இடத்தைக் கட்சித் தலைவர்களுக்குக் கீழே வைப்பது நியாயமாகாது.

1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ அள்ளியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் கம்போங் கிளாமில் வென்று அமைச்சரானார். அந்த அலையிலும் ஃபேரர் பார்க் தனி வழியில் சென்றது: அங்கே வென்ற ஏ.பி. ராஜா, அந்தச் சட்டமன்றத்துக்குத் தேர்வான ஒரே சுயேச்சை.

1968 முதல் 1980 வரை நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடங்களும் ஆளுங்கட்சிக்கே.

அந்தச் சுவரை உடைத்தது ஆன்சன். தேவன் நாயர் அதிபரானதால் காலியான அத்தொகுதியில், 1981 அக்டோபர் 31 இடைத்தேர்தலில், பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். துறைமுகத்தை ஒட்டிய அத்தொகுதியில், பிளேர் பிளேன் குடியிருப்பைக் காலிசெய்யச் சொன்னதால் எழுந்த கோபமும் அவருக்குக் கைகொடுத்தது. இனம் பார்த்து விழுந்த வாக்குகள் அல்ல அவை. வீட்டுக் கவலையோடு, மன்றத்தில் எதிர்க்குரல் வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்து போட்ட வாக்குகள்.

1988இல் குழுத்தொகுதி முறை வந்தது. மூவர் அணியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. சிறுபான்மையினரின் இடம் உறுதியானது; இது பெரிய பலன். ஆனால் தொகுதியில் தனியாக நின்று வாக்காளரை எதிர்கொள்ளும் வாய்ப்பு சுருங்கியது. அந்த இழப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. அப்படித் தனியாக நின்று, 2016இல் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதி இடைத்தேர்தலில் முரளி பிள்ளை 61 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் நாடு முழுவதும் 70.4 விழுக்காடு பெற்றார். 2025 பொதுத்தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டபோது, புக்கிட் பாத்தோக் ஜூரோங் ஈஸ்ட்டோடு இணைக்கப்பட்டுக் குழுத்தொகுதியின் பகுதியானது. முரளி பிள்ளை அத்தேர்தலில் ஐவர் அணியில் ஒருவராக நின்றார்.